எறிந்தவன் கை

4-2-2025, செவ்வாய்
சிப்காட் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாதேஷ் ஒரு பையை நீட்டினான். பழைய கோலி சோடா பாட்டில், சூளகிரி காயலான் கடையில் கிடைத்ததாம். இத்தோடு நூற்றுப் பதினான்கு.

"பாட்டிலுங்கள அடுக்கிட்டா நான் எங்க படுக்கறது?" என்று ருக்மணி கத்தினாள். கட்டியவளுக்கே காரணம் தெரியாது. எல்லாரும் ஆசை என்கிறார்கள். ஆசையா இது!

அத்திப்பள்ளி தாண்டி ஒரு கண்ணாடி மியூசியம் இருக்கிறதாம். எனக்காகவே மாதேஷ் விசாரித்து வைத்திருக்கிறான்.

7-2, வெள்ளி
போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாதேஷ் விடவில்லை.

9-2, ஞாயிறு
போனோம். முதல் அறை முழுக்கப் பாட்டில்கள் — மருந்து, மை, சாராயம், வெள்ளைக்காரன் காலத்து சோடா. "உன் சரக்கு இதவிட மேலுடா சென்னா" என்றான்.

அடுத்த அறையில் ஒரு பெட்டி. உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் கண்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னையே பார்த்தன. மாதேஷ் குனிந்து, தன் இடக்கண்ணை நகத்தால் தட்டிக் காட்டினான். "எங்க சொந்தக்காரங்கல்லாம் இங்கதான் இருக்காங்க பாரு." நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். "ஏனாய்த்து?" என்ன ஆச்சு என்று காவலாளி பதறினார். "வெயிலுக்கு" என்று கன்னடத்தில் சமாளித்து எனக்குத் தண்ணீர் கொடுத்தவனும் மாதேஷ்தான்.

10-2, திங்கள்
இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

1990, பேரிகைத் திருவிழா. எனக்குப் பத்தொன்பது வயது. தேர் இழுப்பதில் பையன்களுக்குள் அடிதடி. பெட்டிக்கடை சோடா பாட்டிலைக் குலுக்கி எறிந்தேன். குறியெல்லாம் வைக்கவில்லை. சண்டைக்கே வராமல் ஓரமாக நின்ற மாதேஷ் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான். காப்பாத்துனவன்னு ஊரே சொல்லுச்சு. நானும் வாய மூடிக்கிட்டேனே — பாவி, பாவி!

"எறிஞ்சவன் கை வெளங்காமப் போக" என்று அவன் அம்மா மாதம்மாள் சபிப்பாள். சபித்துக்கொண்டே அந்தக் கைக்குத்தான் களி போடுவாள். போன வருஷம் அவள் பாடையையும் நான் தூக்கினேன்.

கண்ணில் படும் சோடா பாட்டிலையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் இனி எவனும் எறிய முடியாது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. எத்தனை சேர்த்தும் அன்றைக்குப் பாட்டில் வெடித்த சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

13-2, வியாழன்
கேண்டீனில் சொல்லிவிட்டேன். "மாதேஷு, அன்னிக்கு எறிஞ்சது நான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

18-2, செவ்வாய்
மாதேஷ் வேறு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டானாம். போனும் எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் இதற்குத்தானே பயந்தேன்?

24-2, திங்கள்
காலையில் கம்பெனி கேட்டில் எனக்காக நின்றிருந்தான். கண்ணாடிக் கண்ணைக் கழற்றியிருந்தான். நான் தலையைக் குனிந்தேன்.

"கீழ பாக்காத. இங்க பாரு."

பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் குழியை நான் பார்த்ததே இல்லை.

"சாகற வரைக்கும் எங்கம்மா தினம் இதக் கழுவி விட்டா" என்றான். "யாருன்னு தெரியாமயே போய்ச் சேந்துட்டா."

அவன் கிளம்பிவிட்டான். நான் கார்டு தேய்க்க மறந்து கேட்டிலேயே நின்றேன்.