அமுலு கட்டிய ஈ

என் அமுலு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படி விசாரிப்பது என்று சொல்லித்தரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன் என்று முடிவு செய்துவிட்டு, கால் மணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டோ போடலாம் என்றாள் நம்ம நிம்மி. எந்தப் போட்டோவை எடுத்தாலும் நீ என்னை முறைக்கிற மாதிரியே இருக்கிறது. "போட்டோ வேணாம்மா. நான் அம்மாவுக்கு லெட்டர் எழுதறேன், நம்ம சங்கத்து மலர்ல போடச் சொல்லு" என்றேன். "நீ எழுதுனா யாருக்கு நைனா புரியும்?" என்றாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யை ரெண்டாவது தடவையில்தான் தாண்டினேன் என்பதை மகளிடமும் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, தெரியுமா? ஒயிட்ஃபீல்டு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி. காலையில் வேன் வந்து தெருமுனையில் ஹார்ன் அடிக்கும். அவள் தலையைச் சீவியும் சீவாமலும் ஓட, நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட, மர்பி டவுனே நின்று வேடிக்கை பார்க்கிறது. போன வாரம் நான் வைத்த சாம்பாரை அவள் கூட வேலை செய்கிறவர்கள் புகழ்ந்தார்களாம். ரசம் பிரமாதம் என்று.

மாசி பிறந்தும் குளிர் விடவில்லை. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் பனியன். நீ இருந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகலாமா என்று கேட்டிருப்பாய். இல்லை, கேட்டிருக்க மாட்டாய். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றிருப்பாய்.

சரி, சொல்லிவிடுகிறேன். அந்த மீன் உன் ஈயைக் கடிக்கவில்லை, அமுலு. நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

மலரைப் படிக்கிறவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கப்போகிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெளிநாட்டில் சில பேர் புழு போடாமல் மீன் பிடிக்கிறார்கள். ஒரு சின்னத் தூண்டில் முள்ளில் சேவல் இறகு, முயல் முடி, பட்டு நூல் எல்லாம் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்து தண்ணீர் மேல் விடுவார்கள். மீன் ஏமாந்து கடிக்கும். அதற்குப் பேர் ஈ. அதைக் கட்டிக் கப்பல் ஏற்றுகிற ஒரு யூனிட் நம் பக்கத்திலேயே இருந்தது. நான் வேலை செய்த பட்டறையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, நான் வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன், நீ அங்கே ஈ கட்டி எங்களுக்குச் சோறு போட்டாய்.

கம்பெனிக்காரன் ஒவ்வொரு ஈக்கும் ஒரு நம்பர் கொடுத்திருந்தான். உங்களுக்கு நம்பர் எதற்கு? பழுப்பு உடம்பும் கழுத்தில் சிவப்பு இறகுமாக இருந்த ஒன்றுக்கு நீயும் பக்கத்து மேஜை ஷம்ஷாத்தும் 'மாப்ள' என்று பேர் வைத்திருந்தீர்கள். தாலி கட்டும்போது நான் கழுத்தில் டை கட்டி நின்ற கோலம்தான் அது என்று ஷம்ஷாத்திடம் சொன்னாயாமே. அதற்கப்புறம் அந்தப் பெண் என்னை எங்கே பார்த்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் சிரிப்புக்கு நடுவே உனக்கு ஒரு ஏக்கம் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாய். "நிம்மி நைனா, நெஜமாவே ஒரு மீன் இத கடிக்குமா? பூ கட்டறவ அத சாமி கழுத்துல பாக்கறா. ஜாக்கெட் தைக்கறவ போட்டுக்கினு போறவள பாக்கறா. நான் கட்டறது எங்க போவுது, எது வாயில போவுது, ஒண்ணும் தெரியலியே."

ஒரு மீனைக் கடிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று ஊரில் பெரிய மனுஷன் மாதிரி நான் வாக்குக் கொடுத்தேன். ஒரு வெள்ளைக்காரர் யூனிட்டில் விட்டுப்போன உடைந்த தூண்டில் கம்பை நீ கேட்டு வாங்கி வந்தாய். நான் நண்பன் பட்டறை லேத்தில் பித்தளைக் குழாய் கடைந்து அதை ஒட்டவைத்தேன். சூப்பர்வைசர் பூதக்கண்ணாடியில் பார்த்து, தலை பெருத்துவிட்டது என்று கழித்துப்போட்ட மூன்று மாப்ளைகளை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டாய். மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, டிவிஎஸ் ஃபிஃப்டியில் ரெண்டு பேரும் ஒசகோட்டை தாண்டி அந்த ஏரிக்குப் போனோம். வழியெல்லாம் பனி. உன் பல் கிடுகிடுத்தது என் முதுகில் கேட்டது.

முதலில் ஏரிக்குள் விழுகிற ஓடையில் முயற்சி செய்தோம். அந்தக் கம்பைச் சாட்டை மாதிரி பின்னால் வீசி முன்னால் விட வேண்டும். நான் பின்னால் வீசினேன். முன்னால் வரவில்லை. பார்த்தால் முள் என் காதில் குத்தி நிற்கிறது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். "மொத மீனே அறுபது கிலோ!" என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, மெதுவாக, ஒரு சொட்டு ரத்தம் வராமல் முள்ளை எடுத்தாய். அந்த விரல்களை நான் இன்னும் காதில் தொட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம் ஏரி. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். மாப்ள தண்ணீர் மேல் கம்பீரமாக மிதந்தார், ஒருத்தரும் பெண் கொடுக்கவில்லை. நீ கரையில் கால் நீட்டி, கண்ணை அந்தச் சிவப்புப் புள்ளியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாய். வெயில் ஏற ஏற உன் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில், "தலகீழா நின்னாலும் இதுங்க கடிக்காது. வெளிநாட்டு மீனுக்குத்தான் இதெல்லாம் போல" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் பம்பு செட் பக்கம் போனாய்.

பக்கத்தில் மூங்கில் தூண்டில் போட்டிருந்த முனியப்பா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "ஹிட்டு ஹாக்கி சார், ஹிட்டு" என்று மாவு வைக்கச் சொல்லி, கோதுமை மாவு உருண்டையை நீட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். நீ குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாய். ஒரு பட்டாணி அளவு கிள்ளி முள்ளின் நுனியில் அப்பினேன். அவ்வளவுதான் நடந்தது. நீ வருவதற்குள் ஒரு ஜிலேபி மீன் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. மாவு கரைந்துபோய், வாயோரத்தில் மாப்ள மட்டும் நின்றிருந்தார்.

நீ ஓடி வந்த ஓட்டம் இருக்கிறதே! ஒரு செருப்பு பம்பு செட்டிலேயே கிடந்தது. "கடிச்சிட்டானா? நெஜமாவா? என் மாப்ளயவா?" அந்த இடத்தில் மாவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்திருக்குமா?

கையளவு மீன். குழம்பு வைக்கலாம் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை! "என் வேலைய நம்பி வந்துச்சு. அத கொயம்பு வெக்கச் சொல்றியா?" என்று அதைத் தண்ணீரில் விட்டாய். முனியப்பா ஏரியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன், இன்று வரை காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் யூனிட்டில் நீ செய்த அமர்க்களத்தை ஷம்ஷாத் வந்து சொன்னாள். சூப்பர்வைசர் மேஜைக்கு நேராகப் போய், "நீங்க ரிஜெக்ட் பண்ணத மீனு பாஸ் பண்ணிச்சி சார்" என்றாயாம். எல்லாரும் கை தட்டினார்களாம். "நாங்க எல்லாரும் கட்டனதையே மீனு கடிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணா" என்றாள் ஷம்ஷாத். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்ல நேரமில்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, ஊசி போட வருகிற ஒவ்வொரு நர்ஸம்மாவிடமும் அந்த மீன் கதையைச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் அது ஒரு விரற்கடை வளர்ந்தது. கடைசியில் அது வாளியில் பிடிக்காத மீன் ஆகிவிட்டது. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். கட்டிலில் கிடக்கிறவளிடம் போய் மாவு கணக்கைச் சொல்ல முடியுமா? சொல்லாமல் விட்டது சரியா? நீதான் சொல்ல வேண்டும், ஆனால் நீதான் இல்லை.

நீ போன பிறகு எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மாவு இல்லாமல், உன் ஈயை மட்டும் போட்டு, ஒரு மீனையாவது கடிக்க வைத்துவிட வேண்டும். நீ சொல்லிக்கொண்டு திரிந்ததை நிஜமாக்கிவிட வேண்டும். ஒவ்வொரு மாசிக்கும் போனேன். ஜிலேபி மாட்டிய முதல் மாப்ள இறகு எல்லாம் உதிர்ந்து வெறும் முள்ளாகிப் போனார். ரெண்டாமவர் கருவேல மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எடுக்க நானும் ஏறினேன். பேண்ட் கிழிந்ததுதான் மிச்சம்.

மூன்றாவதைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. உன் விரல் சுற்றிய நூல் என்னிடம் அது ஒன்றில்தான் இருந்தது. தண்ணீரில் போட்டால் போய்விடலாம். டப்பாவில் வைத்தால் இருக்கும், ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் வராது. மூணு வருஷம் அதை ஏரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்குப் பதிலாகக் கம்பளி நூல் கட்டி, மொட்டை மாடியில் வீசிப் பழகினேன். எதிர்வீட்டம்மா துணி காயப்போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நிம்மியும் கூட வந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்து மூடினேன். திறந்தேன், மூடினேன். "இன்னா நைனா, அதுக்கு வேர்க்குதா? காத்து வாங்க விடறியா?" என்றாள். அச்சு அசல் உன் வாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எடுத்துக் கட்டினேன்.

ஓடை வாயருகே தண்ணீர் வற்றி, கோரைப் புல் ஓரமாக ஒரு குட்டை போல நின்றிருந்தது. வீசினேன். இந்தத் தடவை காது தப்பித்தது. மாப்ள புல்லுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், இறகு நனையாமல், அப்படியே உட்கார்ந்தார். நான் பத்து எண்ணியிருப்பேன். தண்ணீர் ஒரு பக்கம் குமிழ்ந்தது. ஒரு கறுத்த தலை மேலே வந்து, வாயைத் திறந்து, உன் ஈயை விழுங்கியது. விரால், அமுலு. என் முழங்கை நீளம் இருக்கும். மாவு இல்லை, புழு இல்லை, ஒன்றும் இல்லை. நீ கட்டியது மட்டும்தான்.

"அமுலு! கடிச்சிட்டான்!" என்று கத்தினேன்.

கம்பு வளைந்தது, பித்தளைக் குழாய் முனகியது. அப்புறம் கை லேசாகிவிட்டது. தூண்டில் நரம்பு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டு திரும்பி வந்தது. அறுந்திருந்தால் நுனி வெட்டினாற்போல் இருக்கும். இது பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. நான் போட்ட முடிச்சுதான் உருவிக்கொண்டது. நீ போட்டது ஒன்றும் அவிழவில்லை.

நிம்மி அப்போது செல்போனில் ஆபீஸோடு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கும்போது தண்ணீரில் வட்டம் மட்டும் இருந்தது. அன்று முனியப்பாவும் ஏரிக்கு வரவில்லை. நிம்மி மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். யாரைக் கூப்பிட்டாய் என்று அவள் கேட்கவில்லை. "பெரிய மீனா நைனா?" என்று மட்டும் கேட்டாள். என்னால் கையை விரித்துக்கூடக் காட்ட முடியவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். பொய் சொன்னபோது கையில் மீன் இருந்தது, பக்கத்தில் சாட்சி இருந்தது. நிஜம் நடந்தபோது ரெண்டும் இல்லை. அந்த முள் விராலின் வாயில் ரொம்ப நாள் தங்காது, கல்லில் உரசி உதிர்த்துவிடும் என்று இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது உதிரட்டும். உன் கை நூல் வீட்டில் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. வெறும் டப்பாவை ஆட்டிப் பார்க்கிறேன். சத்தம் வரவில்லை.

ஒன்று செய்கிறேன், அமுலு. வருகிற ஞாயிறு ஷம்ஷாத் வீட்டுக்குப் போகிறேன். யூனிட்டில் உன்னோடு இருந்த மற்ற பெண்களையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் மாவைச் சொல்லுவேன். துடைப்பத்தை எடுத்தால் வாங்கிக்கொள்ளுவேன். அவர்கள் ஓய்ந்த பிறகு விராலைச் சொல்லுவேன். நம்பினால் நம்பட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் அன்று கை தட்டினார்களே, அது வீண் போகவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இது உன் மேல் ஆணை.

உன்னிடம் இனி ஒரு பொய்யும் பாக்கி இல்லாத,
உன் நிம்மி நைனா