சுரஞ்சனாவுக்கு ஊர் காட்டிய நாள்

அக்டோபர் 29, திங்கள்

சிலிகுரியிலிருந்து கடைக்குக் கம்பளி நூல் மூட்டை வந்தது. நீலம் கேட்டால் பச்சை அனுப்பியிருக்கிறார்கள். நான்கு மணித் தேநீருக்கு நிம்கித் வரவில்லை. நர்சரியில் ஆர்க்கிட் பெட்டிகள் கட்டும் வேலையாக இருக்கும். காலிம்போங்குக்கு வந்து என் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக, நான்கு மணியென்றால் அவள் என் கடையில் இருப்பாள். பிறகு தனக்கென்று வீடு கட்டிக்கொண்டு போன பின்னும் அது மாறவில்லை.

அக்டோபர் 31

நர்சரியும் இல்லை, ஆர்க்கிட்டும் இல்லை. அவள் வீட்டு மாடிக்குக் குடிவந்திருக்கிறாளே கொல்கத்தாக்காரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சுரஞ்சனா — அவளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். நேரம் போனதே தெரியவில்லையாம். அதை என்னிடமே வந்து சிரித்துக்கொண்டு சொல்கிறாள். நான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

நவம்பர் 6

சுரஞ்சனா இப்போது நிம்கித்துக்குத் தீதி, அக்காவாம். தீதி அப்படிச் சொன்னார், தீதி இப்படிச் சொன்னார். தீதி மீன்குழம்பு கொடுத்தாராம், அமிர்தமாம். என் வீட்டில் மீன் பொரித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நிற்பவள்!

ஐம்பத்துநான்கு வயதில் எனக்கு எதற்கு இந்த எரிச்சல்? பெஞ்சில் பக்கத்து இடத்துக்கு அடித்துக்கொள்ளும் பள்ளிப் பிள்ளையா நான்?

நவம்பர் 9

பாய் டீகா, உடன்பிறந்தவர்கள் பொட்டு வைத்துக்கொள்ளும் பண்டிகை. எனக்குப் பொட்டு வைக்க அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வருடா வருடம் இந்த நாளில் நானும் நிம்கித்தும்தான் அரிசிமாவில் வளையமாகச் செல் ரொட்டி சுட்டுச் சாப்பிடுவோம். இந்த வருடம் அவள் கையோடு சுரஞ்சனாவையும் கூட்டிவந்துவிட்டாள். வந்தவள் நான்கு ரொட்டி சாப்பிட்டாள், அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நல்லவள்தான் போலிருக்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

வந்து இரண்டு மாதமாகியும் ஊரைப் பார்க்கவில்லை என்றாள். அடுத்த வாரம் சனிக்கிழமை முழு நாளும் சுற்றலாம் என்று நிம்கித் உடனே சொல்லிவிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சும்னி, நீயும் வாயேன்" என்றாள்.

நீயும்.

நவம்பர் 17, சனி

எழுதாமல் முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் கார். நல்ல வெயில். ஜன்னலோரம் சுரஞ்சனா, நடுவில் நிம்கித், இந்தப் பக்கம் நான். முதலில் சனிச் சந்தை. ஒவ்வொரு கூடைக்கு முன்னாலும் நின்று, உருண்டை மிளகாயைக் கையில் உருட்டி, யாக் பாலாடைக்கட்டியைக் கடித்துப் பல் வலிக்கிறதென்று சிரித்து — அவசரமே இல்லை அந்த அம்மாவுக்கு. நிம்கித் ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக அவள் கையில் வைத்தாள். எனக்கு முழுப் பழமாக ஒன்றைத் தூக்கிப் போட்டாள். பிடித்தேன்.

கள்ளிச்செடித் தோட்டத்தில் இருவரையும் படம் எடுக்கச் சொல்லிச் செல்போனை என்னிடம் தந்தார்கள். எடுத்தேன். செடி முழுசாக விழுந்தது, தலைகள் விழவில்லை. வேண்டுமென்றுதான் செய்தேன்.

துர்பின் குன்றில் மடாலயத்துக்கு ஏறினோம். நான் கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலிக்கிறதென்று மறுத்த நிம்கித், சுரஞ்சனாவோடு கைகோத்துக்கொண்டு படியேறினாள். மேலேயிருந்து டீஸ்டா ஆறு வெள்ளை நூலாகத் தெரிந்தது. சுரஞ்சனா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடத்துக்கு முன் இறந்த கணவருக்காக ஒரு நெய்விளக்கு ஏற்ற வேண்டும் என்றாள். ஏற்றும்போது அழுதாள். நிம்கித் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். என் அம்மா செத்த அன்று என் முதுகை அப்படித்தான் தடவினாள். அதே கை.

விளக்குத் தட்டை வைத்திருந்த பெண் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருப்பவள், எங்கள் எல்லாரையும் தெரிந்தவள். நிம்கித்தைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு ஏத்துங்களேன் தீதி" என்றாள்.

நிம்கித் புருஷன் ஓங்தென் காய்ச்சலில் இறந்துவிட்டதாகத்தான் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். உண்மை எனக்கு மட்டும் தெரியும். வந்த முதல் வாரத்தில், என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். இத்தனை வருடம் நான் வாய் திறந்ததில்லை.

இன்று திறந்தேன்.

"எதுக்கு ஏத்தணும்? அந்த ஆளுதான் காங்டாக்ல இன்னொருத்தியோட குத்துக்கல்லாட்டம் இருக்காரே."

விளக்குக்காரியின் கை அப்படியே நின்றது. நான் சுரஞ்சனாவைத்தான் பார்த்தேன். உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் பார், என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குத் தெரியும் சும்னிமா. நிம்கித் சொல்லியிருக்கா."

இரண்டே மாதத்தில்! என்னிடம் மட்டும் இருந்த ஒன்று — அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாளா?

அப்போது இதுதான் தோன்றியது. விளக்குக்காரி இதை இன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்பது தோன்றவே இல்லை.

அதன் பிறகும் டேலோ குன்றுக்குப் போனோம். கார்க்காரர் கூட்டிப்போனார், போனோம். கஞ்சன்ஜங்கா ஒரு மேகம்கூட இல்லாமல் நின்றது. மூன்று பேரும் பார்த்தோம். 

நவம்பர் 18

நான்கு மணி. வரவில்லை.

நவம்பர் 21

வரவில்லை. நான் மட்டும் என்ன தப்பு செய்தேன்? பொய்யா சொன்னேன்?

நவம்பர் 26

நூல் வாங்க வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடம் உயிரோடு இருக்கிற புருஷனைச் செத்தவனென்று சொல்லித் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாளே, வெட்கமில்லையா என்று. ஞாயிறு ஜெபத்துக்கு நிம்கித் வரவில்லையாம். எனக்கு ஊசி முனையில் விரல் பட்டதுபோல் ஆயிற்று. வாயை மூடிக்கொண்டு நூலைக் கொடுத்தேன். இப்போது மூடி என்ன பயன்?

டிசம்பர் 2

போனேன். கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். எப்படி எப்படியோ மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்றேன். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அவள் தீனியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீ சொன்னதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்ல சும்னி. என்னைக்காவது தெரியத்தானே போகுது. ஆனா அதைச் சொல்றப்ப உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் இருந்துச்சு. நான் பாத்துட்டேன்."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. திறந்துதான் கிடந்தது. எனக்குத்தான் காலெடுத்து வைக்க முடியவில்லை.

டிசம்பர் 3

இருந்தது. சந்தோஷம் இருந்தது. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

டிசம்பர் 11, செவ்வாய்

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் சுரஞ்சனா மூச்சிரைக்க வந்து நின்றாள். இந்த ஏற்றத்தில் நடந்தே வந்திருக்கிறாள். காங்டாக்கிலிருந்து அந்த இன்னொருத்தி நிம்கித்துக்குப் போன் செய்தாளாம். ஓங்தென் விடியற்காலையில் இறந்துவிட்டான், நெஞ்சு வலி. நிம்கித் தனியாகப் புறப்பட்டுவிட்டாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

முதலில் என்ன நினைத்தேன்? அவளிடம்தானே சொல்லியிருக்கிறாள், என்னிடம் இல்லையே — இதுதான். சாவுச் செய்தி கேட்கும்போதுகூட. என்ன ஜென்மமோ நான்.

ஜீப் நிறுத்தத்துக்கு ஓடினேன். காங்டாக் ஜீப் போய்விட்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் சுரஞ்சனா எனக்குப் பின்னால், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளும் ஓடி வந்திருக்கிறாள்.

டிசம்பர் 12

நிம்கித் வீட்டுக் கோழிகளுக்கு யார் தீனி போடுவது என்று காலையில் போய்ப் பார்த்தேன். சுரஞ்சனா போட்டுவிட்டிருந்தார். தண்ணீர் வைக்க மறந்திருந்தார். வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 13, வியாழன்

இன்று நிம்கித் வருகிறாள் என்று சுரஞ்சனா ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். இரண்டு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

பனிமூட்டம். எதிரே வரும் ஜீப் கிட்டே வந்தால்தான் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம்.  அப்புறம் அவர்தான், கொஞ்சம் தயங்கி, கேட்டார்:

"நிம்கித்துக்கு டீ எப்படிப் போடணும்? நான் எப்பக் கொடுத்தாலும் பாதி வெச்சிடறா. கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்றா."

எனக்குத் தெரியும். அவளுக்குச் சர்க்கரை ஆகாது. உப்புப் போட்ட தேநீர்தான், அதுவும் பால் குறைவாக. யாரையும் சிரமப்படுத்தக்கூடாதென்று வெளியே கேட்கமாட்டாள். இத்தனை நாள் அந்த அம்மாவின் சர்க்கரைத் தேநீரைக் கஷ்டப்பட்டு விழுங்கியிருக்கிறாள்! உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன்.

சொன்னேன். எவ்வளவு உப்பு என்பதையும் சேர்த்து, விரல் நுனியைக் காட்டிச் சொன்னேன்.

மூன்றரை மணிக்கு அவள் வந்த ஜீப் நின்றது. முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரே பை. எங்களைப் பார்த்ததும் நின்றாள். பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க ரெண்டு மணியிலேர்ந்து இங்கதான் இருக்கோம்" என்றேன். "வா, வீட்டுக்குப் போலாம்."

பையை நான் வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள். ஏற்றத்தில் சுரஞ்சனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

வீட்டில் தேநீர் போட்டது சுரஞ்சனா. நான் எழுந்திருக்கவில்லை. நிம்கித் ஒரு வாய் குடித்துவிட்டு கோப்பையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். முழுவதையும் குடித்தாள்.