செம்பு இடுக்கியைக் காணவில்லை

ஜூன் 8, சனி
மல்கிரேவில் அடுப்பில்லாத வீட்டில் அடுப்புச் சாமான் சேர்க்கும் ஒரே மடையன் நானாகத்தான் இருப்பேன். குளிர்காயும் நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கிற பழைய செம்புச் செற்: கரி வாளி, கிளறுகோல், தணல் எடுக்கும் இடுக்கி. நூறு வருஷத்துக்கு முன் எவனோ ஒரு வெள்ளைக்காரக் கன்னான் கையால் அடித்தது. சுத்தியல் தடம் இன்னும் தெரிகிறது. எங்கள் வீட்டிலோ ஹீற்றர் சூடு நிலத்துத் துவாரத்தால் வருகிறது.

இன்று சிநேகிதன் அருந்தவன் வந்தான். இடுக்கியைத் தூக்கினான், தடவினான். "மச்சான், இது என்ர வீட்டில இருக்கவேண்டிய சாமானடா" என்றான். நகரின் மறுகோடியில், வெரிபீயில் அவன் கட்டிய புதுவீட்டுச் சுவரில் நெருப்பு மாதிரி ஒன்று எரியும். சிரித்தேன். முழுதாகச் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்
இடுக்கியைக் காணவில்லை! வாளி இருக்கிறது, கோல் இருக்கிறது. மனைவி சிவகௌரியிடம் கேட்க முடியாது. "அடுப்பில்லாத வீட்டுக்கு இடுக்கியோ?" என்ற கச்சேரி மறுபடி தொடங்கும்.

வீட்டுக்கு வந்தது யார்? அருந்தவன் மட்டும்தான். சீ, முப்பது வருஷச் சிநேகிதன். படிக்க வந்த காலத்தில் ஒரே கோட்டை மாறி மாறிப் போட்டு இன்டர்வியூவுக்குப் போனவர்கள் நாங்கள்.

ஆனால் — போகும்போது ஏன் அவ்வளவு அவசரப்பட்டான்?

ஜூன் 14, வெள்ளி
அந்தக் கோட்டையும் கடைசியில் அவன்தான் வைத்துக்கொண்டான்.

ஜூன் 16, ஞாயிறு
கோயிலில் இரத்தினசிங்கம் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை, "வெரிபீப் பக்கத்து ஆள்" என்று மட்டும். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

"சீச்சீ, நான் ஏன் சொல்லப்போறன்?" என்றார், ஃபோனை எடுத்தபடியே.

ஜூன் 20, வியாழன்
அருந்தவன் ஃபோன் எடுக்கிறானில்லை. குற்றமுள்ள நெஞ்சு!

ஆனால் அவன் குரல் கேட்காமல் ஒரு கிழமை போனதாக எனக்கு நினைவில்லை.

ஜூன் 23, ஞாயிறு
இடுக்கி குசினி மேசையில் கிடக்கிறது. கலியாணப் பொம்பிளை மாதிரி மினுங்கிக்கொண்டு.

"தங்கச்சியின்ர புதுவீட்டுக் குடிபூரலுக்கு நான்தான் குடுத்தனான்" என்றாள் சிவகௌரி. "ஹோமத்துக்கு இரும்பு கூடாது, செம்பெண்டா நல்லது எண்டு ஐயர் சொன்னவர். உங்களிட்டக் கேட்டாத் தருவியளோ? புளி போட்டு வடிவா மினுக்கித் தந்திருக்கிறாள்."

பழஞ்சாமானுக்கு மதிப்புத் தருகிற நூறு வருஷக் கறுப்பு ஓர் உருண்டைப் புளியில் போய்விட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அருந்தவனின் முகம் வந்தது. மூடிவிட்டேன். ஐயோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறன்?

ஜூன் 29, சனி
வெரிபீ. அருந்தவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

"நான்தான்டா அண்ணையிட்டச் சொன்னனான்" என்றேன்.

"தெரியும். இரத்தினசிங்கத்தார் எனக்கே ஃபோன் எடுத்து, 'உன்ர சிநேகிதன்ர இடுக்கியை வெரிபீக் கள்ளன் ஒருத்தன் கொண்டு போட்டானாம், கவனம்' எண்டவர். உன்ர வீட்டுக்கு வாற வெரிபீக்காரன் வேற ஆர்?" சுவரைக் காட்டினான். "இது ரிமோட்டில எரியுது. இடுக்கியால ரிமோட்டையோ பிடிக்கிறது, விசரா?"

தேத்தண்ணி வந்தது. புறப்படும்போது வாசலை மறித்தான்.

"நில்லு. ஜாக்கெட்டைக் கழட்டு. கள்ளரை நம்பேலாது."

ஒவ்வொரு பொக்கற்றாகத் துழாவினான். சிரிப்பின் சுவடே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு அதுவும் வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஜாக்கெட்டுக்குள் அவன் வீட்டுத் தேக்கரண்டி. ஃபோனில் ஒரு மெசேஜ்: "கள்ளா, கரண்டியோட வாற சனி சாப்பிட வா."