கண்ணாடிப் பெட்டித் தாழைக்கோழி

14 மார்ச் 2019, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. விலங்கியல் செய்முறைத் தேர்வில், பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்த நீலத் தாழைக்கோழியை, பெயர் லேபிளை மறைத்துவிட்டு, அடையாளம் காணச் சொல்லியிருந்தோம். வலங்கைமானிலிருந்து வரும் என் மாணவி நஸ்ரின் புதிய இனப்பெயரை எழுதியிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"சார், முன்னாடி எல்லா நாட்டுலயும் ஒரே இனம்னு வச்சிருந்தாங்க. இப்ப நம்ம வயல்ல மேயற சாம்பல்தலைத் தாழைக்கோழிய தனி இனமாப் பிரிச்சாச்சு. நான்தான் நடத்தினேன்."

"நீங்க நடத்துங்க மேடம். லேபிள்ல இருக்கறதுதான் எனக்கு விடை. அந்தப் பறவையே வந்து சொன்னாலும் மார்க் கிடையாது."

முதல் வகுப்பு வாங்கினால்தான் மேலே படிக்க விடுவேன் என்று துபாயிலிருக்கும் நஸ்ரினின் அப்பா சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஒவ்வொரு மார்க்கும் முக்கியம். அது தெரிந்தும் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் காத்திருந்தவள் கேட்டாள். "நீங்க சொன்ன பேருதான் மேம் எழுதினேன். சரிதானே?"

சரி என்றேன்.

தேர்வாளரை எவ்வளவு திட்டியும் ஆறவில்லை. அந்த லேபிள், வேலைக்குச் சேர்ந்த வருஷம் நானே எழுதிப் பெட்டிக்குள் ஒட்டியது. மூன்று வருஷமாகப் புதிய பெயரை வகுப்பில் நடத்துகிறேன். ஒருநாள்கூட அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.