முன்னால் பேட்டரி, பின்னால் தகடு

மார்ச் 3

தம்பிக்கு,

நீ அனுப்பிய சோலார் தகடு, பேட்டரி, நடுவில் மாட்டும் டப்பா மூன்றும் வந்து சேர்ந்தன. வேலைதான் செய்யவில்லை.

உன் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். “பேட்டரி முன்னால், தகடு பின்னால்” என்றிருந்தது. பேட்டரியை முன் அறையில் வைத்தேன். தகட்டை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டினேன். நான்கு நாளாக டப்பாவில் சிவப்பு விளக்குதான். தெருவில் மின்சாரம் சோகையாக வருகிறது, காதுக் கருவிக்கு சார்ஜ் ஏறவில்லை என்றுதான் இதை அனுப்பினாய். இது அதைவிடச் சோகை.

கீழ்க்கடைத் தையல்காரர் எனக்குச் சொல்வதையெல்லாம் கறுப்புத் துணியில் சாக்கால் எழுதிக் காட்டுகிறார். நேற்று எழுதியது: “வெயிலுக்கு பயந்து ஒளிச்சு வெச்சீங்களா?”

உன் அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

முன்னால் என்றால் முதலில். முதலில் பேட்டரி ஒயரை டப்பாவில் மாட்ட வேண்டும், அதற்கப்புறம் தகட்டின் ஒயர். இடத்தைச் சொல்லவில்லை அண்ணா, சிரித்து மாளவில்லை.

தகட்டுக்கு நல்ல வெயில் வேண்டும். உங்கள் பாதி மாடியில் காலையில் பக்கத்துக் கட்டட நிழல், மதியத்துக்கு மேல் தொட்டி நிழல். என் பாதி சும்மாதானே கிடக்கிறது, அங்கே வையுங்கள். சாவி தையல்காரரிடம் இருக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதற்குள் ஒருமுறை உங்களோடு ஃபோனில் பேச வேண்டும்.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்றதில்லை. ‘முதலில்’ என்று ஒரு சொல் இருக்கும்போது ‘முன்னால்’ என்று எழுதியது உன் பிழை. நான் படித்ததில் பிழையில்லை.

ஒயரை மாற்றி மாட்டினேன். தகட்டையும் தொட்டி மறைவிலிருந்து எடுத்தேன். பச்சை விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தது. பிறகு நிழல் வந்துவிட்டது.

உன் பாதியில் கால் வைக்க மாட்டேன். வீட்டைப் பிரித்த அன்று, “உங்க பக்கம் உங்களுக்கு, எங்க பக்கம் எங்களுக்கு” என்றாய். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை.

ஆபரேஷனைக் கடைசியில் எழுதியிருக்கிறாய். முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி அது.

உன் அண்ணன்

மார்ச் 16

அண்ணாவுக்கு,

அன்று கோபத்தில் சொன்னேன். அடுத்த வாரமே நடுச்சுவர் மேல் அவ்வளவு உயரத்தில் தொட்டியைக் கட்டினீர்கள். எங்கள் பக்கத்துக் காலை வெயில் போயிற்று. துணி காயவில்லை என்று என் மனைவி உள்ளேயே புலம்புவாள். ஊரைவிட்டு வரும்வரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

தகட்டை மட்டும் என் பக்கம் வையுங்கள். நாள் குறைவாக இருக்கிறது.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

தொட்டியை இறக்கிவிட்டேன். அடியில் ஒழுகியது, அதற்காக மட்டும்தான். வேறு காரணம் எதையும் நீயாகக் கற்பித்துக்கொள்ளாதே.

தகடு என் பக்கத்திலேயே இருக்கிறது. சுவரைத் தாண்டவில்லை. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை பச்சை. இன்று தையல்காரர் சாக்கை எடுத்தார். “வாயாலயே சொல்லுங்க, கேக்குது” என்றேன். துணியை மடித்து வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார்.

காலையில் உன் பக்கம் முழுக்க வெயில் அடிக்கிறது. வந்தால் துணி காயும் என்று உன் மனைவியிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் செய். கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முன்னால் நீ பேசு, பின்னால் நான்.

இதை உன் அர்த்தத்திலேயே எழுதியிருக்கிறேன்.

அண்ணா