சீனி போட்ட சேறு

லண்டன்
3 மார்ச் 1952

அன்புள்ள கனகாம்பிகைக்கு,

நலம். நீரும் மாமாவும் எப்படி? ஆய்வுக்கூடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சீனி அமிலத்திலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் என்சைம் இருக்கிறது என்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. அதை உண்டாக்கும் கிருமி உங்கள் எஸ்டேட் ரப்பர் பால் கொட்டகைக் கால்வாயில் கட்டாயம் இருக்கும். ஒரு போத்தல் சேறு அனுப்பும். கிருமி சாகாமலிருக்க ஒரு கரண்டி சீனி போடும். ஜூனில் நீர் இங்கே வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உமது
ஆனந்தராஜா

ரெம்பியா, மலாயா
21 மார்ச் 1952

அன்புள்ள உங்களுக்கு,

போத்தலைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போன அப்பாவை எஸ்டேட் கேட்டில் பிடித்துவிட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று அரிசி, சீனி எதையும் வேலிக்கு வெளியே விடுவதில்லை. தெரிந்திருந்தும் போட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எஸ்டேட் கணக்கெழுதும் பெரிய கிராணி சிற்றம்பலம் என்றால் ரெம்பியாவே அப்பாவுக்கு மரியாதை கொடுக்கும். அவர் இன்று லாக்கப்பில் இருக்கிறார். "சேத்துக்கு எதுக்குய்யா சீனி?" என்று கேட்கிறார்களாம். ஆய்வுக்குத்தான் என்று உங்கள் புரொபசரிடம் ஒரு கடிதம் வாங்கி உடனே அனுப்புங்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உங்கள்
கனகாம்பிகை

லண்டன்
2 ஏப்ரல் 1952

அன்புள்ள கனகாம்பிகைக்கு,

மாமாவை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஆனால் புரொபசர் ஏற்கெனவே என்னை ஏளனமாகப் பார்க்கிறார். போலீஸ் கதையைச் சொன்னால் ஆய்வையே நிறுத்திவிடுவார். முடிவு கிடைத்ததும் கேட்கிறேன், கொஞ்சம் பொறும். எப்படியும் விட்டுவிடுவார்கள். இன்னொரு போத்தல் அனுப்ப முடியுமா? கப்பல் டிக்கெட் பத்திரம்.

உமது
ஆனந்தராஜா

ரெம்பியா
25 ஏப்ரல் 1952

ஆனந்தராஜா அவர்களுக்கு,

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

நாலு நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் உள்ளே கூப்பிட்டார். கிருமி, சீனி அமிலம், அதிலிருந்து தண்ணீர் பிரிவது எல்லாவற்றையும் நீங்கள் எழுதியிருந்தபடியே சொன்னேன். கான்ஸ்டபிள் சாமிநாதன் மலாயில் எடுத்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ கேட்டார். சாமிநாதன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத உங்க வீட்டுக்காரரே ஒரு தாள்ல எழுதி அனுப்பியிருக்கலாமே, ஏன் அனுப்பலன்னு கேக்குறாரும்மா."

உங்கள் ஏப்ரல் கடிதத்தைச் சாமிநாதனிடம் கொடுத்தேன். அதைப் படித்துத்தான் அப்பாவை விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா தேநீருக்குச் சீனி வேண்டாம் என்கிறார்.

நீங்கள் கேட்ட சேறு தனிப் பார்சலில் வருகிறது. நானே கேட்டில் திறந்து காட்டி எடுத்துப் போனேன், சீனி போடவில்லை. கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு
சிற்றம்பலம் மகள் கனகாம்பிகை