வேலுத்தாயின் பெயர்

ஏலப்பாறை
ஜூலை 22

அன்புத் தங்கை இருதயம்மாளுக்கு,

அண்ணன் சூசையப்பன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருக்க ஆண்டவரிடம் கேட்கிறேன். போன் செய்தால் உன் பி.ஏ. எடுக்கிறார். அவரிடம் பேசக்கூடிய விஷயமில்லை இது.

கீழ் லயத்துக் கம்பெனி வீட்டில் வேலுத்தாய் மேல் சுவர் விழுந்து அவள் இறந்தது உனக்குத் தெரியும். அடுக்களையைப் பெரிதாக்க அவளே சுவரைத் தோண்டினாள் என்று கம்பெனி எழுதியிருக்கிறது. யூனியன் செயலாளராக நானும் கையெழுத்திட்டேன். என்ன செய்ய? அவள் மகளுக்கு நிரந்தர வேலை தருகிறார்களாம். எம்.எல்.ஏ. என்று நியமசபையில் இதைக் கிளப்பாதே. கட்சியும் அதைத்தான் விரும்புகிறது. தேர்தல் வரப்போகிறது.

உன் அண்ணன்
சூசையப்பன்


திருவனந்தபுரம்
ஜூலை 29

அண்ணனுக்கு,

சுகம் கேட்டிருந்தீர்கள். சுகமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

வேலுத்தாயும் நானும் ஒரே நாளில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவர்கள். சுவர் பிளந்திருக்கிறது என்று மூன்று மனு எழுதி உங்கள் கையில்தானே கொடுத்தாள்? போன மாதம் என்னிடம் அழுதாள்: "ஒங்கண்ணன்கிட்ட கேட்டா, மழ விடட்டும் பாப்போம்ங்காரு. மழ விடுற வரைக்கும் நிக்கணும்னு செவுத்துக்குத் தெரியுமா தாயி?" நானும் மேனேஜருக்கு ஒரு போன் போட்டதோடு விட்டுவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

அவளே தோண்டினாளாம்! செத்தவள் வந்து மறுக்கமாட்டாள் என்ற தைரியம்தானே?

தோட்டத்திலிருந்து நியமசபைக்குப் போன முதல் பெண் என்று எனக்கு மாலை போட்டீர்கள். அதன்பிறகு எல்லா மேடையிலும் கடைசி நாற்காலி. நன்றியுரை மட்டும் என் பங்கு. அதையெல்லாம் பொறுத்தேன். இதைப் பொறுக்கமாட்டேன். சபையில் பேசுவேன். தமிழிலேயே பேசுவேன்.

இருதயம்மாள்


ஏலப்பாறை
மார்ச் 10

தங்கைக்கு,

சொன்னபடியே பேசினாய். விசாரணையும் வந்தது. கட்சி உன்மேல் கொதித்துப்போயிருக்கிறது. இந்த முறை உனக்கு சீட் இல்லை. எனக்குத் தருகிறார்கள், நானும் சம்மதித்துவிட்டேன். வெளியாள் கைக்குப் போவதைவிட நம் குடும்பத்திலேயே இருக்கட்டுமே.

நீ என்னோடு ஊர்வலத்தில் நடந்தால் போதும். பெண்கள் ஓட்டுக்கு உன் முகம் வேண்டும் என்கிறார்கள். கோபத்தை விடு.

சூசையப்பன்


பீருமேடு
மார்ச் 18

அண்ணனுக்கு,

என் இடம் வேண்டும், என் முகம் வேண்டும், வாய் மட்டும் வேண்டாம். அப்படித்தானே?

ஊர்வலத்துக்கு வரமாட்டேன். நாளை சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்கிறேன். தோற்கலாம், டெபாசிட்கூடப் போகலாம். ஆனால் லயம் லயமாகப் போய் வேலுத்தாயின் பெயரைச் சொல்வேன். அவள்மேல் பழி போட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர் என்று சொல்வேன்.

சுயேச்சைக்கு முன்மொழியப் பத்து வாக்காளர்கள் வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒன்பது பேர் நேற்றே கையெழுத்திட்டார்கள். இன்று காலை முதல் பஸ்ஸில், நான் கூப்பிடாமலே, உங்கள் மனைவி வந்து நின்றார். எனக்குப் பேனாவை நீட்டக் கை கூசியது.

"வேண்டாம் மதினி, வீட்ல சண்ட வரும்" என்றேன்.

"வேலுத்தாயக் குளிப்பாட்டுனது நானு. அவ மேல பொய் எழுதுன மனுசனுக்கு எட்டு மாசமா சோறு போட்டுட்டு இருக்கேன். எங்கூட்டுக் கையெழுத்து ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்" என்று பேனாவைப் பிடுங்கி, அன்னமேரி என்று நிதானமாக எழுதினார்.

மாலையில் மதினி இந்தக் கடிதத்தோடு வீட்டுக்குத்தான் வருகிறார். அவரை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் மேடையில் என்னைச் சொல்லுங்கள். அங்கே நான் பதில் சொல்வேன்.

இருதயம்மாள்